கொலையைக் காட்டினார்கள், வழக்கைக் காட்டவில்லை

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே சங்கரையும் கௌசல்யாவையும் பட்டப்பகலில் வெட்டினார்கள். சங்கர் இறந்தார். கௌசல்யா தலையில் வெட்டுக்காயங்களோடு பிழைத்தார். கண்காணிப்புக் கேமராவில் பதிவான அந்தக் காட்சி செய்தி அலைவரிசைகளில் திரும்பத் திரும்ப ஓடியது. வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கைபேசியில்கூட அது வந்து சேர்ந்தது. சாதியை மீறிக் காதலித்தால் என்ன நடக்கும் என்பதைச் சேரிப் பிள்ளைகளுக்கு யாரும் தனியாகப் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

வழக்கு திருப்பூர் மாவட்ட முதன்மை அமர்வு நீதிமன்றத்தில் நடந்தது. 2017 டிசம்பர் 12 அன்று ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை என்று தீர்ப்பு வந்தது. 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர்நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தையை விடுதலை செய்தது. மற்ற ஐந்து பேரின் தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. தந்தைக்கு எதிரான சதிக் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்றார்கள். எந்தச் சாட்சி எதைச் சொன்னார், குறுக்கு விசாரணையில் எந்த இடத்தில் அந்தச் சங்கிலி அறுந்தது என்று நம்மில் யாருக்குத் தெரியும்? வெட்டியதை நாடே பார்த்தது. வெட்டியவர்களை விசாரித்ததைப் பார்த்தவர்கள் அந்த அறைக்குள் இருந்த சிலர் மட்டுமே.

இதனால்தான் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் மாணவர்கள் திரும்பத் திரும்ப ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள். கொலையை டிவியில் காட்டுகிறார்களே, வழக்கையும் நேரலையில் காட்டினால் என்ன? கேட்பது நியாயம். எங்கள் பதில் அவர்களுக்குப் பாதிதான் பிடிக்கும். வன்கொடுமை வழக்கு விசாரணை ஒவ்வொன்றும், முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை, வீடியோவில் பதிவாக வேண்டும். ஆனால் நேரலையில் ஓடக்கூடாது. வழக்கு முழுவதுமாக முடிந்த பிறகு, சாட்சிகளின் முகத்தையும் பெயரையும் மறைத்து, அதை மக்களுக்குத் திறந்துவிட வேண்டும். ஏன் இப்படிப் பிரித்துச் சொல்கிறோம் என்பதற்குக் கொஞ்சம் வரலாறு பேச வேண்டும். அதைப் புதுச்சேரியிலிருந்தே தொடங்கலாம்.

1716-இல் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் எபேர், கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்த நயினியப்பரைக் கைது செய்தார். நயினியப்பர் பெரிய வணிகர். ஆனந்தரங்கப் பிள்ளையின் குடும்பத்துக்கு நெருங்கிய உறவு. மக்களைக் கலகத்துக்குத் தூண்டினார், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்பவை குற்றச்சாட்டுகள். விசாரணை மூடிய கதவுக்குள் நடந்தது. அவருக்கு வழக்கறிஞர் கிடையாது. சாட்சிகள் தமிழில் சொன்னது மொழிபெயர்ப்பின் வழியே பிரெஞ்சுத் தாளில் ஏறியது. தாங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் என்ன எழுதியிருந்தது என்று சாட்சிகளுக்கே தெரியாது என்பது, பின்னாளில் அவர் தரப்பு பிரான்சுவரை கொண்டுபோன வாதங்களில் முக்கியமானது. தீர்ப்பு வந்ததும் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. கடைவீதியில், ஊர் பார்க்க, ஐம்பது கசையடி. 1717-இல் சிறையிலேயே இறந்தார். சில ஆண்டுகள் கழித்து, அந்தத் தண்டனை செல்லாது என்று பிரெஞ்சு அரசே அவர் பெயரைக் காப்பாற்றிக் கொடுத்தது.

நயினியப்பர் நம்மாள் இல்லை. அவர் பக்கம் பேச பணம் இருந்தது, கப்பலேறிப் பாரீசுக்குப் போக மகன் இருந்தார், தாள் இருந்தது. அதே காலத்தில் அதே ஊரில் அடிவாங்கிய பறச்சேரி மனிதருக்கு மூடிய கதவு விசாரணைகூட நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான். இருந்தாலும் இந்த வழக்கை நாங்கள் எடுப்பதற்குக் காரணம், இதில் ஒரு வழக்கம் பளிச்சென்று தெரிகிறது. அடிப்பது தெருவில். அடிக்கலாமா என்று ஆராய்வது அறைக்குள். அதிகாரத்துக்கு மக்கள் பார்க்க வேண்டியது முதலாவது மட்டும்தான். உடுமலையில் கூலிப்படை பேருந்து நிலையத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும், எபேர் கடைவீதியைத் தேர்ந்தெடுத்ததற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஊர் பார்க்க வேண்டும், பார்த்துப் பயப்பட வேண்டும்.

நீதிமன்றம் பொதுவில் நடக்க வேண்டும் என்ற விதி, இந்த வழக்கத்துக்கு எதிராகப் பிறந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 327-ஆம் பிரிவாக இருந்து, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 366-ஆம் பிரிவாக இருக்கும் விதி, குற்ற விசாரணை நடக்கும் இடம் இடவசதிக்கு உட்பட்டுப் பொதுமக்கள் வந்து போகக்கூடிய திறந்த நீதிமன்றம் என்று சொல்கிறது. 1966-இல் மிராஜ்கர் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வும் திறந்த விசாரணையின் அவசியத்தை வலியுறுத்தியது. ஆனால் அதே வழக்கில், நீதி கெட்டுவிடும் என்று தோன்றினால் ஒரு சாட்சியத்தை வெளியிடாமல் நிறுத்திவைக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு என்றும் சொன்னது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

கதவு திறந்திருக்கிறது என்று சட்டம் சொல்கிறது, சரி. பாகூரிலிருந்து புதுச்சேரி நீதிமன்றத்துக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போனால், வாய்தா என்று திருப்பி அனுப்புவார்கள். யாருக்காகத் திறந்த கதவு அது? ஆந்திரத்து தலித் மக்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பதிலும் வாங்கினார்கள். 1991 ஆகஸ்ட் 6 அன்று குண்டூர் மாவட்டம் சுண்டூரில் எட்டு தலித்துகள் கொல்லப்பட்டார்கள். உடல்களைச் சாக்குமூட்டையில் கட்டிக் கால்வாயில் வீசினார்கள். நீதிமன்றம் எங்கள் ஊருக்கு வரட்டும் என்று மக்கள் நின்றார்கள். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு சிறப்பு நீதிமன்றம் சுண்டூரிலேயே அமைந்தது. கொலை நடந்த ஊரில், கொல்லப்பட்டவர்களின் உறவினர்கள் நடந்துபோய் உட்காரக்கூடிய தூரத்தில், விசாரணை நடந்தது. 2007 ஜூலை 31 அன்று 21 பேருக்கு ஆயுள் தண்டனை. 2014-இல் உயர்நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது என்பது இந்தக் கதையின் மறுபாதி. கண்ணெதிரே கூண்டேறியவர்களின் சொல்லை, அந்த முகங்களைப் பார்க்காத நீதிபதிகள் தாளில் படித்துத் தள்ளினார்கள்.

தாள் என்று சொன்னோம் அல்லவா, அங்கேதான் விஷயம் இருக்கிறது. சாட்சி பேசுகிறார். நீதிபதி அதைச் சுருக்கிச் சொல்கிறார். தட்டச்சர் அடிக்கிறார். சாட்சி கையெழுத்துப் போடுகிறார் அல்லது கைநாட்டு வைக்கிறார். மேல்முறையீட்டில் நிற்பது அந்தத் தாள். கூண்டில் நின்ற அம்மா எங்கே தயங்கினார், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எந்தத் தொனியில் சாதியைக் கிளறினார், அவர் வாயிலிருந்து வந்த 'அவன்' எப்போது 'அவர்' ஆனது, பின்வரிசையில் யார் இருமினார்கள் என்பதெல்லாம் தாளில் ஏறாது. நயினியப்பர் காலத்துச் சாட்சிகளுக்கு நடுவே பிரெஞ்சு நின்றது. நம் காலத்தில் சட்டத்தமிழ் நிற்கிறது.

கீழவெண்மணியை எண்ணிப் பாருங்கள். 1968 டிசம்பர் 25 இரவு 44 உயிர்கள் எரிந்தன. நாகப்பட்டினம் நீதிமன்றம் 1970-இல் சிலருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களையும் விடுவித்தது. வசதியான மிராசுதார்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் அந்தத் தீர்ப்பில் இருந்த வரி இன்றும் நம் மேடைகளில் ஒலிக்கிறது. நீதிபதி எழுதியதால் அது நமக்குக் கிடைத்தது. எரிந்த குடிசைகளிலிருந்து தப்பிய கூலித் தொழிலாளிகள் நாகப்பட்டினம் கூண்டில் நின்று பேசிய பேச்சு நமக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குரல்கள் பதிவாகியிருந்தால், அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் வைத்து நாம் கேட்டிருப்போம்.

இனித் தொலைக்காட்சிக்கு வருவோம். புதுச்சேரிக்காரர்களுக்கு நன்றாக நினைவிருக்கும் வழக்கு சங்கரராமன் கொலை வழக்கு. 2004 செப்டம்பர் 3 அன்று காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் சங்கரராமன் கொல்லப்பட்டார். அந்தத் தீபாவளி சமயத்தில், நவம்பர் 11 அன்று, காஞ்சி சங்கராச்சாரியார் ஜெயேந்திரர் கைது செய்யப்பட்டார். அடுத்த சில மாதங்கள் தமிழ்த் தொலைக்காட்சிகளுக்கு வேறு வேலையே இல்லை. விசாரணை அதிகாரி என்ன கண்டுபிடித்தார், யார் என்ன வாக்குமூலம் தந்தார் என்று தினம் ஒரு செய்தி. தமிழ்நாட்டில் நியாயமான விசாரணை நடக்காது என்ற மனுவை ஏற்று, 2005 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கைச் செங்கல்பட்டிலிருந்து புதுச்சேரிக்கு மாற்றியது.

அதன் பிறகு கேமராக்கள் போய்விட்டன. 189 சாட்சிகள் விசாரிக்கப்பட்டார்கள். 83 பேர் பிறழ்சாட்சியானார்கள். 2013 நவம்பர் 27 அன்று குற்றம் சாட்டப்பட்ட 23 பேரும் விடுதலை. அன்று மறுபடியும் கேமராக்கள் வந்தன. கைதைப் பார்த்தோம், விடுதலையைப் பார்த்தோம். நடுவில் எட்டு ஆண்டுகள், நம் ஊர் நீதிமன்றத்தில், 83 பேர் ஒவ்வொருவராக ஏறி முன்பு சொன்னதை மறுத்த அந்த நாட்கள் யார் கண்ணிலும் படவில்லை. விடுதலையானவர்கள் பக்கம் நின்று பார்த்தாலும் இது அநியாயம்தான். டிவியில் முதலிலேயே குற்றவாளி என்று காட்டப்பட்டவர், எந்தக் காரணத்தால் நிரபராதி என்று நீதிமன்றம் சொன்னது என்பதைக் காட்டும் எதுவும் மக்கள் கைக்கு வரவில்லை. மடாதிபதிக்கே இந்தக் கதி என்றால், திருட்டுப் பட்டம் கட்டி இழுத்துப்போகப்படும் இருளர் இளைஞருக்கு எந்த அலைவரிசை திருத்தம் போடப் போகிறது?

கோகுல்ராஜ் வழக்கில் தொலைக்காட்சி இன்னும் ஒரு படி மேலே போனது. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்து கடத்தப்பட்ட அந்தப் பொறியியல் பட்டதாரியின் உடல் மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்தது. முதல் குற்றவாளியான யுவராஜ், காவல்துறை தேடிக்கொண்டிருந்த நாட்களிலேயே வாட்ஸ்அப்பில் குரல்பதிவுகள் வெளியிட்டார். தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தார். ஒரு சாதிக்கூட்டம் அவரை நாயகனாக்கியது. கோகுல்ராஜின் தாய்க்கு அப்படி ஒரு மேடை யார் கொடுத்தார்கள்? அவருக்குக் கிடைத்தவை நீதிமன்ற வராண்டாவும், விடாமல் நின்ற சில வழக்கறிஞர்களும், வழக்கை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றிய உயர்நீதிமன்ற உத்தரவும்தான். 2022 மார்ச் 8 அன்று யுவராஜ் உட்படப் பத்து பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

அந்த வழக்கின் மேல்முறையீட்டில் நடந்ததை நம் மாணவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். முக்கிய சாட்சி கீழ்நீதிமன்றத்தில் பிறழ்ந்திருந்தார். 2022 நவம்பரில் உயர்நீதிமன்ற நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷ், என். ஆனந்த் வெங்கடேஷ் இருவரும் அவரைத் தங்கள் முன்னால் வரவழைத்து, கோயில் கேமராப் பதிவை ஓட்டிக் காட்டிக் கேட்டார்கள். அதில் இருப்பது தான் இல்லை என்றார். பிறகு நீதிபதிகளே திருச்செங்கோடு போய், கோயிலையும் கேமரா இருந்த இடங்களையும் நேரில் பார்த்தார்கள். 2023 ஜூன் 2 அன்று யுவராஜின் தண்டனையை உறுதி செய்தார்கள். தாளில் இருப்பது போதாது, கண்ணால் பார்க்க வேண்டும் என்று நீதிபதிகளுக்கே தோன்றிய இடம் இது என்று நாங்கள் வாசிக்கிறோம்.

அந்தச் சாட்சியை அன்று சமூக ஊடகத்தில் நம் தோழர்கள் பலரும் கிழித்தார்கள். சொந்தச் சாதிக்குள், சொந்த வீட்டுக்குள் வாழ வேண்டிய ஒரு பெண் எந்த அழுத்தத்தில் அப்படிப் பேசினார் என்று கேட்டவர்கள் குறைவு. அந்த விசாரணை நேரலையில் ஓடியிருந்தால் அவர் உண்மை பேசியிருப்பார் என்று நினைக்கிறீர்களா?

பாகூர் கொம்யூனில் ஏதாவது ஒரு சேரியை மனதில் வைத்துப் பாருங்கள். சாட்சி சொல்லப் போகிறவர் குற்றம் சாட்டப்பட்டவரின் நிலத்தில் கரும்பு வெட்டுகிறவர். அல்லது அவர் மகன் சேதராப்பட்டிலோ திருபுவனையிலோ ஒரு கம்பெனியில் ஒப்பந்தக் கூலி, ஒப்பந்தக்காரர் அதே ஊர்த்தெருக்காரர். பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழி ஊர்த்தெரு வழியாகத்தான். நம் கொம்யூன்களின் அமைப்பும் உங்களுக்குத் தெரியும். ஒரு ஊர் புதுச்சேரி, அடுத்த ஊர் தமிழ்நாடு, அதற்கடுத்தது மறுபடியும் புதுச்சேரி. மிரட்டுகிறவர் எல்லையைத் தாண்டி உட்கார்ந்துகொண்டால், புகார் எந்தக் காவல்நிலையத்துக்கு என்பதிலேயே ஒரு வாரம் போகும். நாங்கள் சாட்சிகளோடு நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறோம். காலையில் உறுதியாக இருந்தவர், கூப்பிடுவதற்குள் எதிர்த்தரப்பு உறவினர் வாங்கிக் கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நிற்பதையும் பார்த்திருக்கிறோம். டீயில் ஒன்றும் இல்லை. உன்னை எங்களுக்குத் தெரியும் என்று சொல்ல அது போதும்.

இந்த மனிதரை நேரலையில் ஏற்றினால் மூன்று விதத்தில் கெடும். முதலாவது, எல்லோருக்கும் தெரிந்த பயம். இரண்டாவது, ஒரு சாட்சி பேசும்போது அடுத்த சாட்சியை வெளியே உட்காரவைப்பது நீதிமன்றத்தின் வழக்கம். முதல் சாட்சியைக் கேட்டுத் தன் சொல்லை மாற்றிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. டிவியில் ஓடினால் எட்டாவது சாட்சி முதல் ஏழு பேரையும் வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவார். குறுக்கு விசாரணையில் அதைச் சொல்லியே அவரை உடைப்பார்கள். மூன்றாவதை யாரும் பேசுவதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சாதிப்பெயர் சொல்லி இழிவுபடுத்தியது குற்றம் என்றால், என்ன வார்த்தை சொன்னார்கள் என்று பாதிக்கப்பட்டவர் கூண்டில் நின்று தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். எல்லார் முன்னாலும் ஒருமுறை கேட்ட வசவை, நீதிபதி முன்னால் இன்னொருமுறை. அந்தப் பத்து வினாடியை வெட்டியெடுத்து, பாட்டுச் சேர்த்து, ஊர் இளைஞர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட எவ்வளவு நேரம் ஆகும்?

அமெரிக்காவில் ஜார்ஜ் பிளாய்ட் வழக்கு நேரலையில் ஓடியதே என்று மாணவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டும். 2020 மே 25 அன்று மின்னியாபொலிஸ் நகரில் டெரெக் சோவின் என்ற காவலர் பிளாய்டின் கழுத்தில் முழங்காலை அழுத்தி ஒன்பதரை நிமிடம் வைத்திருந்ததை, தெருவில் நின்ற 17 வயதுப் பெண் கைபேசியில் எடுத்தார். 2021-இல் விசாரணை முழுவதும் ஒளிபரப்பானது. ஏப்ரல் 20 அன்று குற்றவாளி என்று தீர்ப்பு வந்தபோது, ஏன் என்று கோடிக்கணக்கானவர்களுக்குத் தெரிந்திருந்தது. நமக்கு உடுமலையில் கிடைக்காதது அவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் மினசோட்டா மாநிலத்தில் அப்போது அது வழக்கமாக இருக்கவில்லை. கொரோனா காலத்தில் நீதிமன்றத்துக்குள் ஆட்களை உட்காரவைக்க முடியாததால்தான் நீதிபதி பீட்டர் கேஹில் கேமராவை அனுமதித்தார். ஒளிபரப்பு வேண்டாம் என்று எதிர்த்தது யார் தெரியுமா? சாட்சிகளை நினைத்துக் கவலைப்பட்ட அரசுத் தரப்பு. சம்பவத்தின்போது 18 வயதாகாத சாட்சிகளின் முகத்தைக் காட்டவில்லை, குரல் மட்டும் கேட்டது. வீடியோ எடுத்த அந்தப் பெண்ணின் முகமும் அன்று திரையில் வரவில்லை. அதோடு, நிற வெறிக்குப் பலியானவரின் பக்கம் அன்று உலகமே தெருவில் இருந்தது. நம் சாட்சியின் பக்கம் அவர் தெருவே இருக்குமா என்பது உறுதியில்லை.

இந்தியாவில் நேரலை என்ற பேச்சு எங்கே நிற்கிறது? 2018 செப்டம்பர் 26 அன்று ஸ்வப்னில் திரிபாதி வழக்கில் உச்ச நீதிமன்றம், தேசிய முக்கியத்துவம் உள்ள வழக்குகளை நேரலையில் காட்டலாம் என்றது. 2022 செப்டம்பர் 27 முதல் அரசியல் சாசன அமர்வுகள் நேரலையில் வருகின்றன. 10 சதவீத இடஒதுக்கீட்டு வழக்கின் கடைசி வாதங்களை நம் மாணவர்கள் பலர் அப்படித்தான் பார்த்தார்கள், அது நல்லதுதான். ஆனால் 2021 ஜூனில் உச்ச நீதிமன்றத்தின் மின்-குழு வெளியிட்ட மாதிரி விதிகளைப் படியுங்கள். பாலியல் வழக்குகள், குழந்தைகள் தொடர்பான வழக்குகள் நேரலையில் கிடையாது. சரி. சாட்சிய விசாரணையும் குறுக்கு விசாரணையும் கிடையாது. அதுவும் சரி. சமூகங்களுக்கிடையே பகையைத் தூண்டி ஒழுங்கைக் கெடுக்கக்கூடும் என்று அமர்வு கருதும் வழக்குகளும் கிடையாது. இந்தக் கடைசி வரி எந்த வழக்குகளின் மீது விழும் என்று யோசியுங்கள். சாதி வெறிக் கொலை ஒவ்வொன்றையும் 'இரு சமூகத்தினரிடையே மோதல்' என்று எழுதிப் பழகிய நாடு இது.

நேரலை வேண்டாம் என்று நாங்களே சொல்கிறோம். ஆனால் நேரலை இல்லை என்பதைச் சாக்காக வைத்துப் பதிவே இல்லை என்று ஆக்குவதை ஒப்ப முடியாது. ஏனென்றால் பதிவு நமக்குச் சட்டமாகவே இருக்கிறது. 2015-இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 15ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. பாதிக்கப்பட்டவர்களின், சாட்சிகளின் உரிமைகள் அதில் இருக்கின்றன. அதன் பத்தாவது உட்பிரிவு, இந்தச் சட்டத்தின் கீழான குற்றங்கள் தொடர்பான எல்லா நடவடிக்கைகளும் வீடியோ பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. 'செய்யப்படலாம்' என்று இல்லை. எட்டாவது உட்பிரிவு சாட்சியின் பெயரையும் முகவரியையும் மறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. சட்டம் எழுதியவர்கள் நாம் மேலே சொன்ன இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். பதிவு செய், ஆளைக் காப்பாற்று.

மும்பையில் ஆதிவாசி மருத்துவர் பாயல் தட்வி 2019 மே மாதம் இறந்த வழக்கில், ஜாமீன் மனு விசாரணைக்கும் இந்த வீடியோ பதிவு பொருந்துமா என்ற கேள்வி பம்பாய் உயர்நீதிமன்றத்திலேயே எழுந்தது. சட்டம் வந்து மூன்று ஆண்டுக்குப் பிறகு, அவ்வளவு பெரிய நீதிமன்றத்தில், அது கேள்வியாக இருந்தது. நம் பகுதியில் வன்கொடுமை வழக்குப் போட்டவர்களிடம், உங்கள் விசாரணை பதிவானதா என்று கேட்டுப் பாருங்கள். அப்படி ஒன்று உண்டா என்று உங்களையே திருப்பிக் கேட்பார்கள்.

தென்பெண்ணையைத் தாண்டினால் கடலூர். பாகூரிலிருந்து புதுச்சேரியைவிடக் கடலூர் பக்கம். அந்தக் கடலூர் நீதிமன்றத்தில்தான் புதுக்கூரைப்பேட்டை கண்ணகி–முருகேசன் வழக்கு நடந்தது. 2003 ஜூலையில் இருவரையும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். தீர்ப்பு வந்தது 2021 செப்டம்பர் 24. காவல் அதிகாரிகள் இருவர் உட்பட 13 பேருக்குத் தண்டனை. உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது 2025 ஏப்ரல் 28. வன்கொடுமைச் சட்டமோ, குற்றப்பத்திரிகை தாக்கலானதிலிருந்து இயன்றவரை இரண்டு மாதத்தில் முடிக்கச் சொல்கிறது. கொலை நடந்த ஆண்டு பிறந்த பிள்ளை கல்லூரிக்குப் போகும்வரை நடந்த வழக்கு அது. பதினெட்டு ஆண்டுகளில் சாட்சிகள் மூப்படைந்தார்கள், பிறழ்ந்தார்கள், இறந்தார்கள். முருகேசனின் குடும்பம் அத்தனை ஆண்டும் எப்படி நின்றது என்பது தமிழ்நாட்டு, புதுச்சேரிச் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்க வேண்டிய விஷயம். பாடம் நடத்த எதைக் காட்டுவது? தீர்ப்பின் பக்கங்கள்தான் இருக்கின்றன.

பிரான்சு இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. நம்மூரை விட்டுப் போன சில வாரங்களில், 1954 டிசம்பர் 6 அன்று, பிரெஞ்சுக்காரர்கள் நீதிமன்றத்துக்குள் கேமராவுக்குத் தடை போட்டார்கள். அங்கேயும் புகைப்படக்காரர்களின் அட்டகாசம் தாங்கவில்லை. முப்பது ஆண்டு கழித்து, 1985-இல், நீதி அமைச்சராக இருந்த ராபேர் பதந்தேர் ஒரு விதிவிலக்குக் கொண்டுவந்தார். வரலாற்று முக்கியத்துவம் உள்ள வழக்குகளை ஆவணக் காப்பகத்துக்காகப் படம் பிடிக்கலாம். முதலில் அப்படிப் பதிவானது 1987-இல் லியோன் நகரில் நடந்த கிளாவுஸ் பார்பி வழக்கு. யூதர்களையும் எதிர்ப்பு இயக்கத்தவரையும் சித்திரவதை செய்து முகாம்களுக்கு அனுப்பிய நாஜி அதிகாரி. மூன்றாவது நாளே, நான் வரமாட்டேன் என்று பார்பி நீதிமன்றத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அதனால் அந்தப் பதிவில் நிறைந்திருப்பது தப்பிப் பிழைத்தவர்களின் முகமும் குரலும்தான். பல ஆண்டு கழித்து அது தொலைக்காட்சியில் வந்தது. அப்போது எந்தச் சாட்சியையும் அது கலைக்க முடியாது, எந்தத் தீர்ப்பையும் வளைக்க முடியாது.

வெண்மணிக்கு இல்லாமல் போனது, இனி வரும் வழக்குகளுக்காவது இப்படி இருக்கட்டும் என்கிறோம். 15ஏ(10)-இன்படி எடுத்த பதிவு நீதிமன்றத்தின் காவலில் இருக்கட்டும். மேல்முறையீட்டு நீதிபதிகள் தாளோடு அதையும் பார்க்கட்டும். கடைசி மேல்முறையீடும் முடிந்தபின், பாதிக்கப்பட்ட குடும்பம் சம்மதித்தால், சாட்சிகளின் அடையாளத்தை மறைத்து ஆவணக் காப்பகத்துக்குப் போகட்டும். பிரெஞ்சுக் காலத்துக் கோப்புகளைக் காக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை புதுச்சேரியிலேயே இருக்கிறது. நம் வழக்குகளுக்கும் அங்கே ஓர் அலமாரி கேட்போம்.

அதற்குள் செய்யக்கூடியவை இருக்கின்றன. 15ஏ-வின் 12-ஆம் உட்பிரிவு, பாதிக்கப்பட்டவர்கள் சமூகப் பணியாளர்கள், தன்னார்வ அமைப்புகள், வழக்கறிஞர்களின் உதவியைப் பெறலாம் என்கிறது. அதாவது நாம் அங்கே உட்கார்வது யாரும் போடும் பிச்சை அல்ல. ஜாமீன் மனுவாக இருந்தாலும் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் தந்து அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று 2021 அக்டோபரில் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வழக்கு சிறப்பு நீதிமன்றத்தில் எண்ணாகும் முதல் நாளிலேயே வீடியோ பதிவு கேட்டு ஒரு மனுப் போடச் சொல்லுங்கள், வழக்கறிஞர் மறந்தால் நினைவுபடுத்துங்கள். சாட்சிக்குப் பயணப்படி கேளுங்கள், அதுவும் அதே பிரிவில்தான் இருக்கிறது. சாட்சியோடு இரண்டு பேராவது போங்கள், டீயை நீங்கள் வாங்கிக் கொடுங்கள். உங்கள் கைபேசியை அணைத்துப் பைக்குள் வையுங்கள், கூண்டில் நிற்பவரைப் படம் எடுத்து நம் பக்கத்தில் போட வேண்டாம். பிறழ்ந்த சாட்சியை வராண்டாவில் நிறுத்திக் கேள்வி கேட்கவும் வேண்டாம். ஒரு நோட்டில் தேதி, சாட்சி எண், எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள், ஏன் தள்ளிப்போனது, அறையில் கேமரா இருந்ததா, ஓடியதா என்று எழுதி வையுங்கள். இல்லை என்றால், இல்லை என்பதை வழக்கறிஞர் வழியாக அன்றைய நீதிமன்றக் குறிப்பிலேயே பதிய வையுங்கள்.